நாலு வீட்டுச் சாப்பாடு

பெரிய படுக்கை விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. மடிக்கலாம், ஆனால் அதற்குப் பெயர் மடிப்பு இல்லை, சுருட்டல். எங்கள் லாண்டரிக்கு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்தும் இரண்டு ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வருகின்றன. துவைக்க மெஷின், உலர்த்த மெஷின், தேய்ப்பதற்குச் சூடான உருளை வைத்த மெஷின் என்று எல்லாம் உண்டு. மடிப்பதற்கு மட்டும் நானும் மாப்பிள்ளையும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து ஒரு உதறு. பிறகு அவன் நடந்து வந்து தன் முனைகளை என் கையில் வைப்பான். கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவான். மறுபடி வருவான், வைப்பான், போவான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நாங்கள் எண்ணியதில்லை. எண்ணினால் கால் வலிக்கும்.

மாப்பிள்ளை என்றால் அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. தேய்த்த சட்டை, கழுத்துவரை பொத்தான், படிய வாரிய தலை என்று தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி வேலைக்கு வருவதால் முதலாளி வைத்த பெயர் அது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். படிப்பு ஏறவில்லை. கணக்கு விரல்களோடு நின்றுவிட்டது. ஆனால் ஒன்று ஏறிவிட்டால் இறங்காது. விரிப்பின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும் என்று முதல் நாள் சொன்னேன். இன்றைக்கும் ஒரு விரல் அகலம் பிசகினால் என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி உதறச் சொல்வான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உதறுவேன்.

லாண்டரிக்குப் பின்னால் இருக்கிற பழைய கட்டடத்தில் கீழ்த்தளத்து அறை அவனுடையது. எதிர்க்கதவு என்னுடையது. வாசல் ஓரத்து அறையில் மீன்காரம்மா. மாடியில் எலக்ட்ரீஷியனும் அவன் பெண்டாட்டியும், அதற்குப் பக்கத்தில் தனியாக டீச்சர். போன மழைக்காலம்வரை மாப்பிள்ளையோடு அவன் அம்மாவும் இருந்தாள்.

அந்த அம்மா ரோஷக்காரி. ஒரு கரண்டி சர்க்கரை கடன் கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை. அப்படிப்பட்டவள், படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"ஏம்மா, உன்கிட்ட மட்டும் ஒண்ணு கேக்கறேன். எனக்கப்புறம் அவன் ராத்திரி வயித்துக்குச் சாப்பிட்டானான்னு பாத்துக்கோ. வேற எதுவும் வேணாம். வெளியில மூச்சு விடாத. எம் பையனுக்கு நாலு பேர் சோறு போடறாங்கன்னு பேர் வரக்கூடாது."

அவள் கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அவள் போன பிறகு மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். தூரத்து ஊரில் இரண்டு அறை வீடு, டிரைவர் புருஷன், பள்ளிக்கூடம் போகிற பெண். நல்லவள்தான். அழுதுகொண்டே தம்பியின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

"நாளைக்கு வேலை இருக்கு," என்றான்.

"அங்க வந்து ஜாலியா இருக்கலாம்டா. வேலையே செய்ய வேணாம்."

"நாளைக்கு வேலை இருக்கு."

அவள் சில நாள் தங்கிப் பார்த்தாள். அவன் தானாக எழுந்தான், முட்டை வேக வைத்தான், கழுத்தில் கயிற்றில் கோத்த சாவியால் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, கட்டட வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். எலக்ட்ரீஷியன் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டுத் தானே நின்றுவிடுகிற மின்சாரக் குக்கரைப் பொருத்திக் கொடுத்தான். விடியற்காலையில் சந்தைக்குப் போகும்போது மீன்காரம்மா அவன் கதவை ஒரு தட்டு தட்டுவாள். உள்ளேயிருந்து ஒரு தட்டு பதிலுக்கு வந்தால் அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போவது டீச்சர். நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் என்று வரிசையாக நின்று சொன்னோம். அக்கா அரை மனதோடு கிளம்பினாள். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்ப யாரும் குறுக்க வரக்கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எல்லாம் நன்றாகவே ஓடியது. நான் தினமும் இருட்டினதும் ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்து, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அவனிடம் கொடுப்பேன். இறந்தவளுக்குக் கொடுத்த வாக்கு. மாப்பிள்ளை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கொடுப்பான். அந்தப் பளபளப்பான தட்டைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு பெருமை.

கொஞ்ச மாதத்தில் அவனுக்குத் தொப்பை போட்டது. தனியாக இருக்கிற சந்தோஷத்தில் உடம்பு தேறுகிறது என்று முதலாளி சொன்னார். "மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு போல," என்று நானும் கேலி பேசினேன். அவனும் சிரித்தான். ஒரு நாள் கழுத்துப் பொத்தான் போடாமல் வந்தான். போட்டால் மூச்சு முட்டுகிறதாம். கழுத்துப் பொத்தான் போடாத மாப்பிள்ளையைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஓட்டல் மூட்டை நிறைய வந்திருந்த ஒரு மத்தியானம். உருளை மெஷினுக்கு ஈர விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்தான். முதலாளி ஒரே எட்டில் வந்து சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் இரண்டு கையும் உருளைக்குள் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எங்கேயோ ஏறிப் போயிருந்தது. டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. அவனையே கேட்டாள்.

"நேத்து ராத்திரி என்னங்க சாப்பிட்டீங்க?"

அவன் விரலை மடக்கினான். "லாண்டரி அக்கா வீட்டு ரொட்டி, முட்டை. எலக்ட்ரீஷியன் அண்ணன் வீட்டுச் சோறு, கோழி. டீச்சர் நூடுல்ஸ். மீன்காரம்மா சோறு, மீனு."

"இதெல்லாம் நேத்து பூராவுமா?"

"ராத்திரி."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"எதுக்குங்க அவ்வளவையும் சாப்பிட்டீங்க?"

"குடுத்தாங்க."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

இப்படி ஒரு கேள்வியா என்பது போல அவன் அவளைப் பார்த்தான். "வேண்டாம்னா அவங்க மூஞ்சி சின்னதாயிடும். அம்மா சொல்லியிருக்கு. யாரு குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லக்கூடாது."

அன்று சாயங்காலம் மாடிப்படியில் நாலு வீடும் கூடியது. டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீங்க எதுக்குக் குடுத்தீங்க? நான்தான் தினமும் குடுக்கறேனே."

"நீங்க குடுக்கறது எனக்கு எப்படித் தெரியும்? அந்தம்மா என்கிட்டதானே சொல்லிட்டுப் போனாங்க," என்றேன்.

"உங்ககிட்டயா?" டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "என் கையப் புடிச்சுக்கிட்டு, உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கான்னாங்களே."

"கதவைச் சாத்தச் சொன்னாங்களா?" என்று கேட்டாள் எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி.

"சாத்தச் சொன்னாங்க."

"எங்ககிட்டயும்தான்," என்றான் எலக்ட்ரீஷியன்.

மீன்காரம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கெட்டிக்காரி. ஒருத்தி மறந்தாலும் இன்னொருத்தி போடுவான்னு நாலு வீட்டையும் கூப்பிட்டுச் சொல்லி வச்சுட்டுப் போயிருக்கா. ஒருத்தியும் மறக்கலியே. நாம இப்படி வாக்கு தவறாதவங்கன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்ததும் எல்லாருக்கும் கோபம் வந்தது. எனக்கு வந்த கோபம் எதற்கு என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை மட்டும்தான் நம்பினாள் என்று இத்தனை மாதமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அது போய்விட்டது.

மறுநாள் அக்கா வந்து இறங்கினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நாங்களும் கத்தியிருப்போம்.

"உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். யாரு செய்வாங்க இவ்வளவு? ஆனா அவனுக்கு வயிறு நெறஞ்சா நிறுத்தத் தெரியலீங்க. இதுகூடத் தெரியாதவன் தனியா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"கத்துக்குடுத்தா கத்துப்பான்மா," என்றேன்.

"நாப்பது வருசமா கத்துக்காதவனா?"

"நாப்பது வருசமா யாரும் கத்துக்குடுக்கலியே. வேண்டாம்னு சொல்லக்கூடாதுன்னுதானே வளத்தாங்க."

அவளுக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன், அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பூட்டு, சாவி, குக்கர், உருளை மெஷின், எல்லாவற்றுக்கும் கெடு வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை அன்றைக்குப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

அவனுக்கு வேண்டாம் சொல்லப் பழக்குவது என்று முடிவானது. பாடத்திட்டம் டீச்சருடையது. தினமும் ஒருவர் அவன் எதிரில் ஏதாவது தின்பண்டத்தை நீட்ட வேண்டும். அவன், "வேண்டாம், வயிறு நெறஞ்சிருக்கு," என்று சொல்ல வேண்டும். கேட்க லேசாக இருந்தது.

முதல் நாள் எலக்ட்ரீஷியன் ஒரு பிஸ்கட்டை நீட்டினான். மாப்பிள்ளை, "வேண்டாம், வயிறு நெறஞ்சிருக்கு," என்று ஒப்பித்துவிட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"வேண்டாம்னு சொல்லிட்டு எதுக்குய்யா தின்ன?"

"சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். குடுத்தீங்க, தின்னேன்."

குறை சொல்ல முடியவில்லை. பிறகு, சொன்னால் வாங்கக்கூடாது என்று புரிய வைத்தோம். அதுவும் ஏறியது. டீச்சரிடம் சொன்னான், என்னிடம் சொன்னான், முதலாளி நீட்டிய டீயைக்கூட வேண்டாம் என்றான். அவர் அதை எதிர்பார்க்காமல் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மீன்காரம்மாவிடம் மட்டும் தோற்றுப் போவான். அவள் வறுத்த மீனை நீட்டுவாள், அவன் வேண்டாம் என்பான், அவள் சரிப்பா என்று தட்டை இறக்குவாள், உடனே அவன் கை நீண்டுவிடும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. கடைசியில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தது அவனை இல்லை, அவளை.

"யக்கா, உங்க மூஞ்சியப் பாருங்க. புருஷன் செத்த வீடு மாதிரி வச்சிருக்கீங்க. அதப் பாத்துட்டு எவன் வேண்டாம்பான்?"

"என் மூஞ்சி பொறந்ததுலருந்தே அப்படித்தாண்டி."

"இல்ல. அவன் வேண்டாம்னு சொன்னதும் தொங்குது."

அன்றிலிருந்து பாடம் எங்களுக்கும் சேர்த்து ஆனது. மாப்பிள்ளை வேண்டாம் என்றால் முகம் தொங்கக்கூடாது. அவன் பாடத்தை அவன் சீக்கிரம் முடித்துவிட்டான். எங்கள் பாடம் இழுத்துக்கொண்டே போனது. ஆசையாகச் செய்துகொண்டு போனதை வேண்டாம் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னால், வலிக்கத்தான் செய்கிறது. நம் கையால் தின்றால்தான் அவன் பிழைப்பான் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது. அதை விடுவது சர்க்கரைக்காரன் சர்க்கரையை விடுவது மாதிரி. மீன்காரம்மா கொஞ்ச நாள் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு தட்டை நீட்டினாள். பிறகு ஒரு நாள், நேராக அவனைப் பார்த்துக்கொண்டே, "வேணாமா? சரி, பூனைக்கு லாபம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் சின்னதாகவில்லை என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை அவனே செய்துகொண்டான். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி, அதிலேயே காய். வாரத்துக்கு ஒரு வீட்டில் சாப்பாடு, அதுவும் அவனாகக் கேட்டால். கழுத்துப் பொத்தான் திரும்பப் போட முடிந்த அன்று காலையில் அதை என்னிடம் தொட்டுக் காட்டினான்.

பரீட்சை முடிந்தது. நல்ல மழை நாளில் அக்கா வந்தாள். வீடு பூட்டியிருந்ததால் நேராக லாண்டரிக்கே வந்துவிட்டாள். ஒரு கையில் காலிப் பெட்டி, ஒரு கையில் தூக்குப்பாத்திரம், கக்கத்தில் நனைந்த குடை. மழையில் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நானும் மாப்பிள்ளையும் விரிப்பின் இரண்டு பக்கத்தில் நின்றிருந்தோம்.

"கெளம்புடா," என்றாள். "பஸ்ஸு சாயங்காலம். ரூமைக் காலி பண்ணணும்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது, அவனே சமைக்கிறான், பொத்தானைப் பாருங்கள் என்று கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவனுக்காக யாரும் பேசக்கூடாது என்று மாடிப்படியில் பேசி வைத்திருந்தோம். நான் என் முனைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி காது கேளாதவர் மாதிரி சோப்புத்தூளை அளந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அக்காவையே பார்த்தான். பிறகு சொன்னான். "வேண்டாம்க்கா. வயிறு நெறஞ்சிருக்கு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? நான் எதைக் கேக்கறேன், அவன் எதைச் சொல்றான். இவனை எப்படிங்க தனியா விடறது?"

அவள் முகம் அப்படியே இறங்கிப் போனது. மீன்காரம்மா முகமெல்லாம் இதன் கிட்டே நிற்க முடியாது. கூடப்பிறந்தவள் முகம், அம்மா சாயல் வேறு. போச்சு, இனி இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவான் என்று நினைத்தேன்.

அவன் நடந்து வந்தான். என்னிடமிருந்து முனைகளை வாங்கி அக்காவின் கையில் வைத்தான். அவள் பெட்டி, பாத்திரம், குடை எல்லாவற்றையும் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

"பிடி."

"எதுக்குடா இப்ப?"

"பிடி அக்கா. தரையில படுது."

பிடித்தாள். அவன் பின்னால் போய் உதறினான். அவளுக்கு உதறத் தெரியவில்லை, விரிப்பு கோணிக்கொண்டது. "அப்படி இல்ல," என்று அவன் மறுபடி உதறினான். அவள் கேட்டாள், அவன் நடந்து வரும்போதும் போகும்போதும் பதில் சொன்னான்.

"ராத்திரி பயமா இருக்காதாடா?"

"இருக்கும்."

"அப்ப?"

"லைட் போடுவேன்."

"லைட் போட்டும் பயமா இருந்தா?"

"எலக்ட்ரீஷியன் அண்ணன் கதவத் தட்டுவேன். திட்டுவாரு. அப்புறம் கூட உக்காருவாரு."

"உடம்புக்கு வந்தா?"

"மீன்காரம்மா தட்டும். நான் தட்டலேன்னா உள்ள வந்துடும். சாவி ஒண்ணு அதுகிட்ட இருக்கு."

"என்கூட வர்றது உனக்குப் புடிக்கலையா?"

அவன் நின்றுவிட்டான். விரிப்பு இருவருக்கும் நடுவில் தொங்கியது. பிடிக்கலை என்று சொல்ல அவனுக்குத் தெரியாது, யாரும் பழக்கவில்லை. அது உண்மையும் இல்லை.

"உன்னைப் புடிக்கும்," என்றான். "அங்க வேண்டாம். நீ வா. பாப்பாவையும் கூட்டிட்டு வா. நான் சமைக்கறேன்."

அக்கா முனைகளை மறுபடி இழுத்துப் பிடித்தாள். அந்த மூட்டை முடியும்வரை அவனோடு மடித்தாள். ஓரம் பிசகியபோதெல்லாம் அவன் பிடுங்கி மறுபடி உதற வைத்தான். எனக்குச் செய்வது போலவே, தயவே இல்லாமல். அடுக்கின விரிப்புகளை அவள் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

மழை விட்டதும் அவள் காலிப் பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் பெண்ணோடு வருவதாகச் சொன்னாள். என்னிடம், "பாத்துக்கங்க" என்று சொல்ல வாயெடுத்து, அவனைப் பார்த்துவிட்டு, "வரேங்க" என்று மட்டும் சொன்னாள். வாசலில்தான் தூக்குப்பாத்திரம் நினைவுக்கு வந்தது.

"உனக்குன்னு விடியகாலைல எந்திரிச்சு செஞ்சேன்டா. கோழி. அம்மா வறுக்கற மாதிரி."

மூடியைத் திறந்து நீட்டினாள். வாசனை சோப்பு வாடையையும் மீறி வந்தது. முதலாளி அளப்பதை நிறுத்திவிட்டார். வேண்டாம் என்றால் அவள் உடைந்து போவாள். மொத்தத்தையும் தின்றால் பெட்டி திரும்ப உள்ளே வரும்.

மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு கால் துண்டை எடுத்தான். நின்றபடியே நிதானமாகத் தின்றான். எலும்பைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டான், கையைக் கழுவினான், துடைத்தான். பாத்திரத்தில் இன்னும் நிறைய இருந்தது. மூடியை வாங்கி அவனே மூடினான்.

"போதும்க்கா," என்றான்.

நாங்கள் பழக்கியது வேண்டாம் என்பதை மட்டும்தான். போதும் என்பதை எங்கள் நாலு வீட்டில் ஒருத்தரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களுக்கே அது தோன்றவில்லை.

அக்காவின் முகம் லேசாகச் சின்னதானது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பாத்திரத்தை அவள் கையில் கொடுத்து, குடை எங்கே என்று கேட்டான்.